பெண்களுக்குத் தனிக்காட்சி

பதின்மூன்று வயதிலேயே நான் அம்மாவைவிட உயரமாகிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, வீட்டில் பரண்மேல் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொடுக்கும் வேலை. அந்த உயரம் எனக்கு உருப்படியாக எதையும் வாங்கிக் கொடுத்ததில்லை, ஒரே ஒரு சினிமாவைத் தவிர.

எழுபதுகளின் நடுவில் அது. அம்மாவின் கடைசித் தங்கை தலைப்பிரசவத்துக்குக் கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைப் பெற்றவள் உயிரோடு இல்லை. அதனால் விளாத்திகுளம் பக்கம் மிளகாய்க் காட்டுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளை, ஏழாம் மாதம் வளையல் போட்டு அக்காள் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தார்கள். சித்திக்குப் பதினேழு வயது. ஆள் குட்டை, முகம் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம். நான் பள்ளிவிட்டு வந்ததும் அம்மா, சித்தி, நான் மூன்று பேருமாக உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டுவோம்.

அப்போதுதான் அந்தப் படம் ஊருக்கு வந்தது. போஸ்டரில் வட்டத்துக்குள் பெரிதாக ஒரு 'ஏ', அதன் கீழே 'வயது வந்தோருக்கு மட்டும்'. பிரசவம் எப்படி நடக்கிறது என்று ஆஸ்பத்திரியில் எடுத்ததை அப்படியே காட்டுகிறார்களாம். ஆணும் பெண்ணும் சேர்ந்து பார்க்கக் கூடாதென்று பெண்களுக்கு மட்டும் தனியாக ஒரு மத்தியானக் காட்சி. தெருப் பெண்கள் அதைப் பற்றி வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். என் வகுப்பில் படத்தின் பெயரைச் சொன்னதற்கே ஒருத்தி ஒரு பீரியட் முழுக்க பெஞ்சு மேல் நின்றாள்.

சித்தி ஒருநாள் கூடு ஒட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "யக்கா, அந்தப் படத்துக்கு நாம போவமா?"

அம்மா பசைக் கையோடு நிமிர்ந்தாள். "மாசமா இருக்கவ பாக்குற படமாட்டி அது? யாரும் கேட்டாச் சிரிப்பாவ. பேசாம ஒட்டு."

சித்தி அடுத்த கூட்டை எடுத்தாள்.

சனிக்கிழமை அம்மா கூடுகளைத் தலையில் வைத்துக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வரச் சாயங்காலமாகும். அப்பா மில்லில் பகல் ஷிப்டு. சித்தி கதவைச் சாத்தினாள். "ஏட்டி, தனியாப் போகப் பயமா இருக்கு. நீ கூட வாரியா?" என்றவள், தன்னுடைய சேலை ஒன்றை எடுத்து எனக்குக் கட்டிவிட்டாள். கணுக்கால் தெரிந்தது. இறக்கிவிட்டுப் பின் குத்தினாள்.

வழி நெடுக எனக்குப் பாடம் நடந்தது. "கேட்டா பத்தொம்பதுன்னு சொல்லு. தலையைக் குனியாத. சிரிச்சுத் தொலைக்காத."

தியேட்டர் வாசலில் ஒரு அம்மாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். என்னை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கிழித்துக் கொடுத்துவிட்டார். அடுத்து சித்தி.

"உனக்கு என்ன வயசாகுது தாயி?"

எனக்கு அத்தனை பொய் சொல்லிக்கொடுத்தவள் தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. "பதினேழுக்கா" என்றாள்.

"பதினெட்டு ஆயிருக்கணுமே."

"எனக்குக் கல்யாணம் ஆயிட்டுக்கா. இங்கன பாருங்க, எட்டு மாசம்."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். சட்டத்துல வயசைத்தான் போட்டிருக்கு, வயித்தைப் போடலையே. போன வாரம் போலீஸ்காரவிய வந்து மானேஜரைச் சத்தம் போட்டுட்டுப் போயிருக்காவ. நீ உள்ள மயங்கி விழுந்துட்டா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?"

குரலில் கோபமே இல்லை. அதனாலோ என்னவோ சித்தியால் சண்டை போட முடியவில்லை. கதவுக்கு உள்ளே நான், வெளியே அவள். கூட்டம் பின்னாலிருந்து நெருக்கியது.

"ஏட்டி, நீ போ. நல்லாப் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும்" என்றாள். நான் திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மாள் எழுந்து, தன் ஸ்டூலை அவளுக்கு நகர்த்திக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

படம் பாதிக்குமேல் சலிப்பாகத்தான் இருந்தது. ஒரு டாக்டர் குச்சியை வைத்துப் படத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார். பிறகு அந்தக் காட்சி வந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் போட்ட சத்தத்தைக் கேட்டேன். அவ்வளவுதான், முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். திறந்தபோது பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் சித்தி என் கையைப் பிடித்து வேகமாகத் தெருமுனை வரைக்கும் இழுத்துப்போனாள்.

"சொல்லுட்டி. எப்படி இருந்துச்சு?"

கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஒண்ணுமில்ல சித்தி. டாக்டர் பேசிக்கிட்டே இருந்தாவ. அந்தப் பொம்பள சும்மா படுத்திருந்தா. கொஞ்ச நேரத்துல பிள்ளை வந்துட்டு."

"கத்தலையா?"

"இல்லையே."

"வலிச்ச மாதிரியே இல்லையா?"

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா."

சித்தி நடுத்தெருவில் நின்று என்னையே பார்த்தாள். பிறகு, "அப்பஞ் சரி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். என் கையை வீடு வரும்வரை விடவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பெரியாஸ்பத்திரியில் அவளுக்கு ஒன்றரை நாள் வலி. நானும் அப்பாவும் வராந்தாவில் இருந்தோம். உள்ளே கேட்ட சத்தம் சித்தியுடையது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் காதைப் பொத்திக்கொண்டேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான்தான் காரணம் என்று தோன்றியது. விடிந்து வெகுநேரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்சு வந்து சொன்னார்.

மூன்றாம் நாள்தான் என்னை உள்ளே விட்டார்கள். அம்மா வெந்நீர் வாங்க வெளியே போனதும் சித்தி என்னைக் கூப்பிட்டுக் கட்டிலில் இடம் ஒதுக்கினாள். உதடு கடிபட்டு வீங்கியிருந்தது. திட்டப்போகிறாள் என்று நான் முந்திக்கொண்டேன்.

"சித்தி, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நான் பாக்கவே இல்ல."

"தெரியும்ட்டி. மூஞ்சி வெளுத்துப்போய்லா வெளிய வந்த."

"பெறவு ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவள் பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள். "வலிக்காதுன்னு எனக்கு வேற யாரு சொன்னா? இந்த ஒரு மாசமும் நீ சொன்னதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

பொய் என்று தெரிந்த பிறகு அதை எதற்காக நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அது போதும் என்றிருந்தது. நான் குனிந்து பிள்ளையின் விரல்களை எண்ண ஆரம்பித்தேன்.