மருந்து என்று கத்தியது

நர்சிங் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த செய்தியைச் சொல்லப் போனபோது என் பெரியப்பா மகள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே, “நீயா?” என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவளை வருஷம் முழுக்க வெறுத்திருப்பேன். அது போதாதென்று மேலும் மேலும் காரணங்கள் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன கிளினிக்கில் அவளுக்கு வேலை. நர்சிங் படித்தவள் இல்லை, கூடமாட இருந்து பழகியவள். டோக்கன் கூப்பிடுவாள், பிரஷர் பார்ப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள். கச்சிராயபாளையத்துக்கு வெளியே, கரும்புத் தோட்டத்தை ஒட்டி இருக்கும் எங்கள் தெருவில் அவளுக்கு நர்சம்மா என்றே பெயர். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள். அந்தத் தெருவிலிருந்து நிஜமாகவே ஒருத்தி நர்சாகப் போகிறாள் என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? அதுவும் அடுத்த வீட்டில், ஒரே சுவர் தள்ளி.

எனக்கோ ஒன்றும் தெரியாது. பிளஸ் டூவில் உயிரியல் படித்ததைத் தவிர ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஊசி போட்டுக்கொள்ளும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான். கல்லூரியில் சேரப்போகிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு தொடங்கியிருந்தார்கள். அதில் ஒருத்தியின் அம்மா ஸ்டாப் நர்சாம், இன்னொருத்தியின் அப்பா மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறாராம். மூன்றாவதாக ஒருத்தி கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு போட்டோ போட்டிருந்தாள். இன்னும் வகுப்பே தொடங்கவில்லை, அதற்குள் ஸ்டெதாஸ்கோப்! முகம் தெரியாத அவளையும் வெறுத்தேன். கல்லூரியை நினைத்தாலே பயம். அது இருக்கும் கள்ளக்குறிச்சிக்குப் போகும் டவுன் பஸ்ஸின் ஹாரன் கேட்டாலே கொல்லைப்பக்கம் ஓடி ஒளிந்துகொள்வேன்.

“இவகூட நாலு நாளு போய் வா. பழகிட்டா பயம் போயிடும்,” என்று அம்மா என்னை அக்காவோடு அனுப்பினாள். அம்மா நல்லெண்ணத்தில் செய்த காரியங்களில் இதுவும் ஒன்று.

முதல் நாளே மயங்கி விழுந்தேன். சைக்கிள் செயினில் கால் மாட்டிய ஒருவருக்கு அக்கா பழைய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒட்டியிருந்த துணியை அவள் சுண்டி இழுத்ததும் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தது. ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. அடுத்து எனக்கு நினைவிருப்பது மேலே சுற்றிய மின்விசிறியும், அதன் கீழே குனிந்து பார்த்த அக்காவின் முகமும்தான். “எழுந்திருடி, பேசண்டு படுக்க எடம் வேணும்,” என்றாள். கட்டுப் போட வந்தவரே எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அன்று மாலை பஸ்ஸில் டிரைவர் சீட் வரைக்கும் கேட்கும்படி அக்கா அந்தக் கதையைச் சொன்னாள். அவள் குரல் கரகரப்பானது, கரகரப்பாக இருந்தாலும் தூரம் போகும். “நர்சுக்குப் படிக்கப் போறா, பேசண்டு தண்ணி தெளிச்சி எழுப்புறாரு!” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதே பஸ்ஸில் வந்த எதிர்வீட்டு அத்தை தனக்கே பேத்தி பிறந்த மாதிரி சந்தோஷத்தோடு இறங்கிப் போனாள். மறுநாள் பால் ஊற்ற வந்தவர்கூட, “இன்னாமா, இப்ப தேவலயா?” என்று கேட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்காவைக் கூப்பிட்டு எனக்கு எதிரிலேயே சொன்னார். “சேத்துட்டு பாதியில ஓடியாந்தான்னா தெருவுல தல காட்ட முடியாது. நீதாம்மா கூட இருந்து பாக்குற. இவ தாங்குவாளா மாட்டாளான்னு ஞாயித்துக்கிழம சொல்லு. மாட்டான்னா தையல் கிளாசுல சேத்துடறேன்.”

என் படிப்பு அவள் நாக்கில் இருந்தது. அவளைவிட ஒரு கட்டுவிரியனிடம் கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் முதலில் பயிருக்கு அடிப்பதுதான். பருத்திக்கு மருந்து, கத்திரிக்கு மருந்து. உடம்புக்குச் சாப்பிடுவது மாத்திரை, டானிக். ஒருவர் மருந்து குடித்துவிட்டார் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம், கேட்டவர்கள் ஓடிப்போய் வண்டி பிடிப்பார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் அந்தச் சொல்லே கிடையாது. பிளஸ் டூ முடித்த கையோடு மேலே படிக்க வேண்டாம் என்று பெரியப்பா சொன்ன வாரத்தில் அக்கா மருந்து குடித்தாள். பிழைத்தாள். தொண்டைதான் பழையபடி ஆகவில்லை. அதன்பிறகு வயலுக்கு அடிப்பதைக்கூட அப்பா ‘ஸ்பிரே’ என்றுதான் சொல்வார்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளைப் பிடிக்கவில்லை. பரிதாபப்பட்டால் பிடித்துத்தான் ஆகவேண்டும் என்று சட்டமா என்ன?

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் கூட்டம். முன்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கச் சொல்லிவிட்டு அக்கா உள்ளே போயிருந்தாள். ரத்தம் என் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்காரவைத்ததாக நினைப்பு அவளுக்கு. அப்போது கல்வராயன் மலையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வெள்ளிமலை பஸ்ஸில் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. அந்தாள் அவள் தோளில் சாய்ந்துகொண்டே நடந்தார். கண் சொருகியிருந்தது, வாயோரம் எச்சில் ஒழுகியது, சட்டையெல்லாம் வாந்தி. அந்தம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

“இவரு மருந்து குடிச்சிட்டாருங்க.”

எப்போது என்று கேட்கவில்லை, எது என்றும் கேட்கவில்லை. நாற்காலி பின்னால் விழ எழுந்து, அந்தாளைத் தோளோடு பிடித்து இழுத்துத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். அவர் திமிறினார். நான் விடவில்லை. “அக்கா! மருந்து குடிச்சிட்டாரு! டாக்டர்! மருந்து குடிச்சிட்டாரு!” என்று கத்தினேன். என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. எதிர்க்கடை பேக்கரியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அந்தாள் என் கைமேலேயே மறுபடியும் வாந்தி எடுத்தார். பெஞ்சுக் காலில் உரசி அவர் முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. துப்பட்டாவைச் சுருட்டி அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, கை ஈரமாவதைப் பார்த்துக்கொண்டே இன்னும் கத்தினேன்.

“யம்மாடி, வுடும்மா! பஸ்ஸு சுத்திச் சுத்தி வந்ததுல வாந்திம்மா எனக்கு!” என்று அந்தாள் கீழேயிருந்து அலறினார்.

அவர் மனைவி அதைவிட அலறினாள். “போன வாட்டி டாக்டரு குடுத்த இருமல் மருந்துங்க! முழுசும் குடிச்சிட்டாருன்னு சொன்னேங்க! தீந்தா வரச் சொன்னாரு, வந்தோம். அதுக்கு ஏங்க இவர தூக்கிப் போட்டு அமுக்குறீங்க?”

பெஞ்சில் இருந்தவர்கள், பேக்கரிக்காரர்கள், காய்ச்சல்காரர்கள் என்று எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் வாசலில் நின்று, “யாரு இந்தப் பொண்ணு?” என்றார். தரை பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது. ரத்தம் பார்த்து மயங்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை, அந்த ரத்தமும் நானே வரவழைத்தது.

அக்கா சிரிக்கவில்லை. உள்ளறைக் கதவோரம் நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த டிரே தரையில் கிடந்தது, பஞ்சும் கத்திரிக்கோலும் சிதறியிருந்தன. ஒரு கையைத் தொண்டைமேல் வைத்திருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான், அவள் முன்னால் எந்தச் சொல்லைக் கத்தினேன் என்பது எனக்கு உறைத்தது. அவள் வந்தாள், என் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். “கழுவு,” என்றாள். நகம் பதியும்படி பிடித்திருந்தாள். பிறகு அந்தாளின் முழங்கைக்கு அவளே கட்டுப் போட்டாள்.

மாலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இதைவிட நல்ல கதை அவளுக்கு எப்போது கிடைக்கும்? எதிர்வீட்டு அத்தைகூட இருந்தாள். “இன்னாடி, இன்னிக்கி வுழுந்தாளா?” என்று கேட்டும் பார்த்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோமுகி அணைப்பக்கத்துக் காற்று வீசி எங்கள் ஊர் வரும்வரை அப்படியே இருந்தாள். அது எனக்கு அந்தச் சிரிப்பைவிட அதிகமாகப் பயம் தந்தது. ஞாயிற்றுக்கிழமைக்காகச் சேர்த்து வைக்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டார். அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னாள், உள்ளே வரவில்லை.

“சேத்துவுடுங்க சித்தப்பா. ரத்தத்த பாத்தா இவளுக்கு மயக்கம் வரல.”

“அன்னிக்கி வுழுந்தாளே?”

“அது அன்னிக்கி. நான் பாத்தேன்னு சொல்றேன் இல்ல?”

அப்பா சரியென்று தலையாட்டினார். அவள் திரும்பி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். எதற்கு என்று தெரியவில்லை, நன்றி சொல்லவா சண்டை போடவா. வேலிப்படலைத் திறந்தவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“ஒனக்கு ஒரு மண்ணும் தெரியல. டானிக்கு குடிச்சவன தூக்கிப் போட்டு அமுக்குற. காலேஜில ஒன்ன வெச்சிக்கினு இன்னா பாடு படப் போறாங்களோ.”

நான் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் விடவில்லை.

“எங்க வூட்ல நான் குடிச்ச அன்னிக்கி ஒருத்தரும் கத்தலடி,” என்றாள். “தெருவுக்குத் தெரிஞ்சிடும்னு மொதல்ல கதவ சாத்தனாங்க. ஆஸ்பத்திரியில போயும் வவுத்துவலின்னுதான் சொன்னாங்க. அங்க அவங்க வவுத்துவலிக்கி ஊசி போட்டுக்கினு இருந்தாங்க.”

படலைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழுதிருந்தால் அதற்கும் ஒரு பேச்சு பேசியிருப்பாள்.

கல்லூரி திறந்த அன்று அவள் வழியனுப்ப வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இன்றைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு அறையில் பத்து நிமிஷம் இருந்தால் அதற்குள் ஒரு சண்டை வந்துவிடும். கல்லூரி திறந்த அந்தக் காலையில் டவுன் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன். வகுப்பில் மேடம் ஒவ்வொருவராக எழுப்பி, ஆஸ்பத்திரிப் பழக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். ஸ்டெதாஸ்கோப் போட்டோக்காரி முன்வரிசையில் உட்கார்ந்து தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். என் முறை வந்தது. எழுந்து நின்றேன்.

“ஒன்னும் தெரியாதுங்க,” என்றேன், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி.