தொட்டால்தான் கணக்கு

தொண்ணூற்றெட்டு மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நாலரைக்கு ஜோலார்பேட்டையில் பெங்களூர் வண்டி ஏறினேன். நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தாறு ரூபாய். சாமான் என்று ஒரு துண்டும் அரை டிராயரும்தான். நீச்சலடிக்கப் போகிறேன் என்றதும் எதிர் சீட்டுக்காரர் என் தொப்பையைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சைக்கிள் கடைக்காரனுக்கு வேறெப்படி இருக்கும் உடம்பு?

போன காரியம் சிரிப்புக்குரியதல்ல. தங்கை மல்லிகாவின் மகள் பவித்ராவுக்கு ஆறு வயது. ஈரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சள். லண்டனில் ஈரலை மாற்றினால் பிழைப்பாள் என்றார்கள். மல்லிகாவே தன் ஈரலில் ஒரு பகுதியைத் தருகிறாள். ஆபரேஷன் செலவை அவள் கணவரின் முதலாளி ஏற்றுக்கொண்டார். விமான டிக்கெட்டுக்காக அவர்களுடைய பெங்களூர் நண்பர்கள் இந்த நீச்சலை ஏற்பாடு செய்தார்கள். குளத்தை ஒரு தடவை கடந்தால் இவ்வளவு தருகிறேன் என்று தெரிந்தவர்களிடம் வாக்கு வாங்க வேண்டும். எங்கள் கடைத்தெருவே எனக்கு வாக்குக் கொடுத்திருந்தது. ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை கடந்தால் டிக்கெட் தேறிவிடும்.

எட்டு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து ஒக்கலிபுரத்துக்கு நடந்தே போனேன். மல்லிகா இரண்டே இட்லி வைத்தாள். "மிச்சத்த வந்து சாப்புடுண்ணா, இப்பவே தின்னா மூழ்கிடுவ." நீச்சல் குளம் அல்சூர் பக்கம், ஏழு கிலோமீட்டர். மல்லிகாவையும் பவித்ராவையும் கூட்டிக்கொண்டு போனேன், ஆட்டோவுக்கு முப்பத்தெட்டு ரூபாய். டிரைவர் ஸ்ரீராம்புரத்துக்காரர். கதையைக் கேட்டதும், "சும்மா நீஞ்சு சார், நான் வெயிட்டிங் சார்ஜ் போடல, பாத்துட்டே போறேன்" என்றார்.

பத்து மணி. இருபத்தைந்து மீட்டர் குளம், அடித்தரை வரை தெரியும் தண்ணீர். பக்கத்தில் எல்லோரும் கண்ணாடி, தொப்பி என்று நின்றார்கள். விசில் ஊதியதும் குதித்தேன். ஆகா, என்ன குளிர்ச்சி. கிணற்றிலேயே நீந்திய எனக்கு அந்த நேர்கோட்டில் போவதே திருவிழாவாக இருந்தது. மல்லிகா கரையில் ஓடி ஓடிக் கையை ஆட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நானும் பதிலுக்கு ஆட்டினேன்.

பன்னிரண்டாவது தடவை முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, அட்டையில் கோடு போடும் டீச்சரிடம் எத்தனை என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். சுவர் தொட்டாதான் கவுண்ட். நீங்க ஒரு தடவகூட தொடல."

மல்லிகா கையை ஆட்டியது இதைச் சொல்லத்தான். கிணற்றில் நீந்துகிறவன் எவனும் சுவரைத் தொடமாட்டான். கல்லிடுக்கில் பாம்பு இருக்கும். ஒரு கை தூரத்திலேயே உடம்பைத் திருப்பிவிடுவோம். முப்பது வருஷப் பழக்கம் என் மருமகளின் டிக்கெட்டைத் தின்றுவிட்டது. பதினான்கு நிமிடம் போய்விட்டது, நாற்பதும் அப்படியே பாக்கி.

"பாம்பு பயம் டீச்சர்" என்று உளறினேன். கரை நாற்காலியில் இருந்த பவித்ரா அதைக் கேட்டுவிட்டாள். மெல்ல வந்து ஓரத்தில் உட்கார்ந்து, குனிந்து, சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மல்லிகா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பாம்பு இல்ல மாமா. நான் கை வச்சிருக்கேன் பாரு. பக்கத்துல தொடு."

அதற்குப் பிறகு நான் நீந்தியதை இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. எதிர்முனையில் ஆட்டோ டிரைவர் குந்தி உட்கார்ந்து சுவரைத் தட்டிக்காட்டினார். இந்தப் பக்கம் அந்தச் சின்னக் கை. முப்பதுக்கு மேல் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. முப்பத்தொன்பதில் கால் இழுத்துக்கொண்டது, கையாலேயே இழுத்துப் போனேன். நாற்பதாவது கோடு விழுந்தபோது இரண்டு நிமிடம் மிச்சம். டீச்சரே எழுந்து கைதட்டினார். நான் அழுதேன், வெட்கமே படவில்லை.

மாலை ஐந்தரை வண்டி. வழியனுப்ப மூவரும் வந்தார்கள். சுவரைத் தொட்டுத் தொட்டு என் விரல் நுனிகளெல்லாம் உரசித் தோல் போயிருந்தது. கிளம்பும் நேரம் பவித்ரா அப்பாவின் தோளிலிருந்து ஜன்னல் கம்பியில் கை வைத்தாள். நானும் பக்கத்தில் வைத்தேன்.

"லண்டன்லேருந்து வந்து உன்னத் தொடுவேன் மாமா. அப்பதான் கணக்கு."

சரி என்றேன். அடுத்த ஞாயிறு எங்கள் கிணற்றில் குதித்தேன். நேரே போய்ச் சுவரைத் தொட்டேன். பாசியும் ஈரமும்தான் இருந்தது. அவள் திரும்பி வரும்வரை தினமும் தொட்டுவிட்டுத்தான் கரையேறினேன்.