அத்தான் பாத்தாம் போன வாரம்

அக்கா வீட்டுச் சமையலறையில் மூன்று பேருக்கு மூன்று விதமான விலக்குகள் இருந்தன. அக்காவின் மூத்த மகளுக்குக் கோதுமை ஆகாது. உண்டால் முழங்கையின் உள்மடிப்பு சிவந்து தடித்து, சொறியச் சொறிய நீர் கசியும். இளையவளுக்குப் பால் ஆகாது. ஒரு வாய் குடித்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சுருண்டுவிடுவாள். எனக்கு வெங்காயம், பூண்டு எனத் தொடங்கும் வரிசை நீளமானது. குடல் ஆறும்வரை இப்படித்தான் உண்ண வேண்டும் என்று உணவியல் நிபுணர் சொல்லியிருந்தார். பல்கலைக்கழகத்துக்குப் போய்வர வசதி என்பதால் புக்கிட் பாஞ்சாங்கில் அக்கா வீட்டில் தங்கி இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். தங்கியிருக்கும் கூச்சமே எனக்குப் போதுமானதாக இருந்தது. என் வயிற்றுக்காக ஒரு வீடே பூண்டை விட்டது அதைப் பெரிதாக்கியது.

பூண்டை விடுவதில் உண்மையான இழப்பு அத்தானுக்குத்தான். அந்த வீட்டில் ரசம் அவருடைய பொறுப்பு. பூன் லேயில் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் புளியை ஊறவைப்பார். எனக்கு மட்டும் தனியாகச் சமைத்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோது அவர் ஒப்பவில்லை.

"ஆளுக்கு ஒரு சட்டி வச்சா அது ஆஸ்பத்திரி லா. ஒரே சட்டில பொங்கினாத்தான் வீடு."

"பூண்டு இல்லாம உங்க ரசம் நல்லாவா இருக்கும் அத்தான்?"

"அதுக்குத்தான் இவன் இருக்கான்" என்று பெருங்காய டப்பாவைத் தட்டிக் காட்டினார். முன்பு ஒரு சிட்டிகை போட்டவர் அன்றிலிருந்து ஒரு கரண்டி போட்டார். உண்மையிலேயே ரசம் நன்றாக இருந்தது. மூத்தவள் அதைத் தட்டில் ஊற்றிச் சாப்பிட்டு, மிச்சத்தைக் கிண்ணத்தில் வாங்கிக் குடிப்பாள்.

கோதுமையை நிறுத்தி வாரங்கள் ஆகியும் அவளுடைய முழங்கை ஆறவில்லை. ரொட்டி, நூடுல்ஸ், பிஸ்கட் எல்லாவற்றையும் அக்கா வீட்டைவிட்டு வெளியேற்றியிருந்தாள். சோயா சாஸில்கூடக் கோதுமை இருப்பதைக் கண்டுபிடித்து அதையும் நிறுத்தினோம். கிளினிக்கில் அவள் கையைத் திருப்பிப் பார்த்த அதே நிபுணர், அடுத்த முறை வருவதற்குள் குறையவில்லை என்றால் முட்டையையும் பருப்பையும் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தவளின் கால்கள் நின்றன. பருப்புச் சோறும் முட்டையும்தான் அவளுக்கு மிஞ்சியிருந்தவை. ஏற்கெனவே பள்ளிச் சீருடையின் இடுப்பில் அக்கா ஊக்கு குத்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் நீளக் கை ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. நடுப்பகல் வெயிலில் கீழ்த்தளத்தில் விளையாடும்போதும் அதே ஜாக்கெட்.

"வேர்க்கலையா உனக்கு?"

"இல்ல சித்தி, கோல்டா இருக்கு."

நெற்றியில் வியர்வை வழிந்தது. எதையாவது செய்ய வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. பாடக் குறிப்பைத் திறந்தால் அதே பத்தியில் கண் நின்றது. எழுந்து போய் சமையலறை அலமாரியைத் திறந்து பார்ப்பேன். பார்த்ததையே மறுபடி பார்த்துவிட்டு மூடுவேன்.

அக்காவின் சந்தேகம் அத்தான்மேல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைத் தேக்கா சந்தைக்கு மீனும் கீரையும் வாங்க அழைத்துப் போவது அவர்தான். அந்த ஈரச் சந்தையை ஒட்டியே சாப்பாட்டுக் கடைகள். கோதுமை மாவுப் பிராட்டா சுடும் கல்லின் வாசத்தைத் தாண்டாமல் அங்கே யாரும் வீடு திரும்ப முடியாது. மகள் கேட்டால் இவரால் மறுக்க முடியாது என்பது அக்காவின் கணக்கு. அத்தான் சத்தியம் செய்தார். அக்கா அவருடைய சட்டையை மோந்து பார்த்தாள்.

இந்த நிலையில்தான் அத்தான் வேலை விஷயமாக ஒரு வாரம் கடலுக்கு அந்தப்புறம் இருக்கும் பாத்தாம் தீவுக்குப் போனார். நானும் அக்காவும் சேர்ந்து சமைத்தோம். எங்கள் இருவருக்கும் சமையலில் பொறுமை கிடையாது. உப்பும் மஞ்சளும் போட்டுக் கடைந்த பருப்பு, வறுத்த மீன், அவித்த முட்டை. பிள்ளைகள் முனகினார்கள். வார முடிவில் ஒருநாள் மூத்தவள் குளித்துவிட்டு ஜாக்கெட் இல்லாமல் வந்தாள். சிவப்பு வடிந்து, தோல் உலர்ந்து உரியத் தொடங்கியிருந்தது. அக்கா அந்தக் கையை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் மகிழ்ச்சி வந்தது. உடனே அது கோபமாக மாறியதையும் பார்த்தேன்.

அத்தான் திரும்பிய மாலை, பையைக் கீழே வைப்பதற்குள் அது வெடித்தது.

"நீங்க இல்லாத ஒரு வாரம். பாருங்க கைய. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?"

"நான் பிராட்டா வாங்கிக் குடுக்கலனு எத்தன தடவ சொல்றது?"

"அப்ப எப்படி ஆறுச்சு? கடல் தாண்டிப் போய் வேண்டிக்கிட்டீங்களா?"

"உன் புருஷன நம்பாட்டிப் போ. உன் மகளக் கேளு."

"அவ அப்பா கட்சி. ஜாக்கெட் போட்டு மறைக்கிற பிள்ள உண்மைய சொல்லுமா?"

மூத்தவள் அழுதாள். இளையவள் அவளைப் பார்த்துத் தானும் அழுதாள். அத்தான் சமையலறைக்குள் போனார். கோபம் வந்தாலும் களைப்பு வந்தாலும் அவர் போகுமிடம் அதுதான். சற்று நேரத்தில் புளி கொதிக்கும் ஒலி கேட்டது. பிறகு, சூடான எண்ணெயில் பெருங்காயம் பொரியும் வாசம் கூடத்துக்கு வந்தது.

தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றேன். ஒரு வாரமாக அந்த வாசம் வீட்டில் இல்லை. அந்த வாரம் பருப்பு இருந்தது, முட்டை இருந்தது. அத்தான் இல்லை என்பதை மட்டுமே நாங்கள் பார்த்தோம். அவரோடு ரசமும் இல்லாமல் போயிருந்தது. ரசத்தில் புளி, மிளகு, சீரகம், தக்காளி, கொத்தமல்லி. இவற்றில் எதையும் ஐயப்பட முடியவில்லை. மிஞ்சியது பெருங்காய டப்பா. எடுத்துத் திருப்பினேன். பெருங்காயம் பிசின் மட்டுமே என்று அதுவரை எண்ணியிருந்தேன். அதைப் பொடியாக்க மாவு சேர்க்கிறார்கள். சேர்க்கப்பட்டிருந்தது கோதுமை மாவு.

அதற்குள் அத்தான் மூத்தவளின் சோற்றில் ரசத்தை ஊற்றியிருந்தார். அழுத கண்ணோடு அவள் பிசைந்துகொண்டிருந்தாள். நான் தட்டை இழுத்தேன்.

"நீயுமா?" என்றார் அத்தான். கரண்டி அவர் கையிலேயே இருந்தது. "என் கையால ஊத்துனா விஷமா?"

மெதுவாகப் பேசிப் பழகிய எனக்கு அவசரத்தில் சொற்கள் கிடைப்பதில்லை. டப்பாவை அவர் பக்கம் நீட்டி, "மாவு அத்தான். இதுல கோதும மாவு இருக்கு. நீங்க பிராட்டா குடுக்கல" என்று மட்டும் சொன்னேன். கடைசி வாக்கியத்தை அக்காவைப் பார்த்துச் சொன்னேன்.

அத்தான் டப்பாவைப் படித்தார். பூண்டுக்குப் பதிலாகத் தான் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டதை அவர் நினைத்திருக்க வேண்டும். அது என் குடலுக்காகப் போட்டது என்பதை நான் நினைத்தேன். அவர் அடுப்பை அணைத்து, அந்தச் சட்டியை அப்படியே கழுவுதொட்டியில் கவிழ்த்தார்.

அதன் பிறகு சில நாள் அவர் சமையலறைக்குள் வரவில்லை. வேலை முடிந்து வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். அக்காவுக்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கமில்லை. ஒரு மாலை, அவர் வரும் நேரம் பார்த்து அவளே புளியை ஊறவைத்து மேடையில் வைத்தாள். அத்தான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார்; அக்கா துணி மடிப்பதில் மும்முரமாக இருந்தாள். அவர் சட்டையை மாற்றாமல் உள்ளே போனார். அன்றைய ரசத்தில் பூண்டும் இல்லை, பெருங்காயமும் இல்லை.

மூத்தவள் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அப்பா, இது ரசம் இல்ல. சுடுதண்ணி" என்றாள்.

"குடி குடி. அம்மா ஊறவச்ச புளி" என்றார் அத்தான். அக்கா துணிக்குள் சிரித்தாள்.

அடுத்த முறை கிளினிக்கில் யாரும் கேட்பதற்கு முன்பே மூத்தவள் கையைத் திருப்பிக் காட்டினாள். பருப்பும் முட்டையும் தப்பின.

போன ஞாயிறு தேக்காவிலிருந்து அத்தான் ஒரு புது டப்பா வாங்கி வந்தார். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் என்று கடைக்காரர் சொன்னாராம். நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"நீதானே எங்க வீட்டு லேப். செக் பண்ணிச் சொல்லு."

கேலியில் கொஞ்சம் காயம் இருந்தது. நான் வாங்கிப் படித்தேன். அரிசி மாவு என்றுதான் இருந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகையத் தொடங்கியது. மூத்தவள் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"போடவா, வேணாமா?" என்றார் அத்தான்.

"ஒரு நிமிஷம்" என்று டப்பாவை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனேன்.