அரிசி சிஸ்டர்

சிஸ்டர் தராசிலிருந்து ஒரு சிட்டிகை அரிசியை எடுத்து டப்பாவில் போடுகிறார். தராசு காட்டும் எண்ணைப் பார்க்கிறார். திருப்தி இல்லை. பாதிச் சிட்டிகையைத் திரும்பப் போடுகிறார். "இருநூத்தி எம்பது கிராம். இப்ப சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெள்ளைத் துணிப்பையின் வாயைச் சுருக்கி நூலால் கட்டுகிறார். காலை எட்டு மணி. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி, மார்பகச் சீரமைப்புப் பிரிவின் டிரெஸ்ஸிங் அறை. மளிகைக் கடையில் நடக்க வேண்டிய வேலை இங்கே எதற்கு நடக்கிறது என்று வாயைப் பிளந்து நின்றவர்களில் நானும் ஒருத்தி.

மார்பில் சிலிக்கான் பை வைத்துக்கொள்ள வரும் பெண்களுக்கு டாக்டர் படம் போட்டுக் காட்டுவார், அளவு சொல்வார். சிஸ்டருக்கு அதில் நம்பிக்கை போதாது. அதே எடைக்கு அரிசி கட்டிக் கையில் கொடுத்துவிடுவார். உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மாடி ஏற வேண்டும், பஸ்ஸில் நிற்க வேண்டும், வேலை பார்க்க வேண்டும். "கண்ணாடி முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னு பாத்தா எல்லா அளவும் அழகாத்தான் தெரியும். குனிஞ்சு செருப்பு மாட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்" என்பது அவர் கட்சி. பத்தொன்பது வருஷ சர்வீஸில் அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், அரிசி சிஸ்டர் என்பதே நிலைத்துவிட்டது.

நான் அங்கே போனது என் தங்கைக்காக. முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி. இரண்டு வருஷத்துக்கு முன்பு புற்றுநோய்க்காக அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து எந்த வெயிலிலும் ஒரு தொளதொள கோட்டு அவள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடையில் நாலு பக்கமும் கண்ணாடி. அத்தனை கண்ணாடியிலும் அடுத்தவர் தலையை மட்டும் பார்க்க அவள் பழகிக்கொண்டாள். அந்தக் கோட்டைக் கழற்றிப்போட்டுவிட்டுத் தன் கடையில் தான் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அதோடு நிறுத்தினாளா? "போனது போச்சு சிஸ்டர். வர்றதாவது பெருசா ஜம்முனு வரட்டும். அந்தப் பக்கத்தையும் சேத்துப் பெருசாக்கிடலாம்" என்றாள். சிஸ்டர், எடுத்த பக்கத்துக்குப் பெரிதாக ஒன்று, இருக்கிற பக்கத்தோடு சேர்த்துக்கொள்ளச் சிறிதாக ஒன்று என இரண்டு பைகளைக் கட்டி, "மாட்டிக்கிட்டு ரெண்டு நாள் பொழைப்பப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் மத்தியானமே எனக்குப் போன் வந்தது. "அக்கா, குனிஞ்சு தலை அலசினா பேசின்ல இடிக்குது. கத்தரி பிடிச்ச கை அதுமேலயே போய் முட்டிக்கிட்டு நிக்குது." சாயங்காலம் நூல் அவிழ்ந்து, வாடிக்கையாளரின் மடியில் அரிசி கொட்டிவிட்டது. அந்த அம்மாள் பதறாமல், "இது என்னம்மா, புது ட்ரீட்மென்ட்டா?" என்று கேட்டாராம்.

"இருக்கிற பக்கத்துக்குத் தோதா ஒண்ணு வச்சாப் போதும் சிஸ்டர்" என்று தங்கை காலிப் பைகளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்படி வாங்க வழிக்கு."

"ஆனா ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்குமா?"

"இத்தன வருஷமா முடி வெட்டுறீங்களே, யாருக்காவது ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இருந்து பாத்திருக்கீங்களா?"

தங்கை யோசித்தாள். "ஒருத்தருக்கும் இல்ல."

"அதேதான். சட்டையோட பாக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. சட்டை இல்லாம பாக்கறவர் ஸ்கேலோட வர மாட்டாரு."

தங்கை இரண்டு வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்ததும் அவள் கண் தொழில் புத்தியோடு சிஸ்டரின் தலைக்குப் போனது. தொப்பிக்குக் கீழே முடி, ஒரு பக்கம் காதைத் தொட்டும் மறுபக்கம் தொடாமலும் தொங்கியது.

"சிஸ்டர், இது யாரு செஞ்ச பாவம்?"

"நானேதான். டிரெஸ்ஸிங் கத்தரி, பாத்ரூம் கண்ணாடி. ஆடு மேய்ஞ்ச மாதிரி இருக்குன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு."

"என் கடைக்கு வாங்க, சரி பண்ணிடறேன்."

"ஒருத்தர்கிட்ட கழுத்தக் குடுத்துட்டு சும்மா உக்கார எனக்கு வராதும்மா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்." ஊரையெல்லாம் அசையாமல் உட்காரச் சொல்கிற அந்த அம்மாளின் பலவீனம் இது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சட்டம் போட்டார். மல்லாந்துதான் படுக்க வேண்டும், தலைப்பக்கம் உயரமாக. பாரம் தூக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். ஆறு வாரத்துக்குக் கை தோளுக்கு மேலே போகவே கூடாது. "மேல் தட்டுல இருக்கிறத எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்கிடுங்க. எட்டி எடுக்கிற மாதிரி ஒரு டம்ளர்கூட இருக்கக் கூடாது." போய் இறக்கினேன். தினமும் காலை எட்டு மணிக்குத் தங்கைக்கு அவரிடமிருந்து போன் வரும்.

"ராத்திரி எப்படிப் படுத்தீங்க?"

"மல்லாந்துதான் சிஸ்டர்."

"பொய். ஒருக்களிச்சுப் படுத்தவங்க குரல் எனக்குத் தெரியாதா?"

எப்படித்தான் கண்டுபிடிப்பாரோ, பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். நாங்கள் என்ன, நான் செய்தேன். முடி வளர்ந்து என் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. தங்கை நான் போகிற இடமெல்லாம் பின்னால் வந்தாள். "அக்கா, உன் தலையப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. நீ தரையில உக்காரு, நான் நாற்காலியில உக்கார்றேன். கை தோளுக்குக் கீழதான இருக்கும்? பத்தே நிமிஷம்." அந்தக் கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று மூளையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஐம்பது நிமிஷமானது. நடுவில் நான்கு தடவை எழுந்து நின்று, கையை உயர்த்தி உச்சியைச் சரிபார்த்தாள். கிராப்பு என்னவோ பிரமாதமாக இருந்தது. மறுநாள் காலையில் அவள் இடது பக்கம் வீங்கி, விண்ணென்று நின்றது.

ஓடினோம். சிஸ்டர் வீக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கிராப்பு நல்லாருக்கே. எங்க வெட்டினீங்க?"

"கடையில."

"எந்தக் கடையில பின்கழுத்துல இவ்வளவு அழகா இழைச்சு விடறாங்க? அட்ரஸ் சொல்லுங்க."

தங்கை விசும்ப ஆரம்பித்துவிட்டாள். ஆனால் சிஸ்டரின் அர்ச்சனை முழுக்க எனக்குத்தான். "அவங்க கை துறுதுறுங்கும், அது அவங்க தொழில். உங்க புத்தி எங்கம்மா மேயப் போச்சு?"

டாக்டர் ஸ்கேன் பார்த்தார். உள்ளே நீர் கோத்திருந்தது. ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமி இருந்தால் பையை எடுத்துவிட வேண்டியிருக்கும், பல மாதம் கழித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். முடிவு வர இரண்டு நாள். தங்கை வார்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்து, "இன்னொரு தடவ அந்தக் கோட்டுக்குள்ள போக என்னால முடியாதுக்கா" என்றாள். பாவி நான், ஒரு கிராப்புக்கு ஆசைப்பட்டு என் தங்கையின் இரண்டு வருஷக் காத்திருப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே! வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

சிஸ்டர் ஒரு தட்டு அரிசியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "சும்மா உக்காந்து அழுவாதீங்க. கல்லு பொறுக்குங்க. பைக்குள்ள கல்லு இருந்தா பொம்பளைங்களுக்குக் குத்தும்." இரண்டு நாளில் அந்த ஆஸ்பத்திரியின் அரிசி முழுவதையும் பொறுக்கி முடித்தேன். அவரும் தன் பங்குக்கு, ஷிப்ட் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினார். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு லேபிலிருந்தே தங்கைக்குப் போன் அடித்தார். "கிருமி இல்ல. ஒண்ணுமே இல்ல. ராத்திரி எப்படிப் படுத்தீங்க?" ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அதற்குப் பிறகு தங்கை வீட்டில் கத்தரியே கண்ணில் படாமல் ஒளித்து வைத்தேன். ஆறு வாரத்தைப் பத்து வாரமாக்கினார் டாக்டர். பிறகு மெல்ல மெல்லக் கையை உயர்த்தப் பயிற்சி. டிரெஸ்ஸிங் அறைக் கதவு நிலையில் ஒவ்வொரு பெண்ணின் விரல்நுனியும் எட்டிய உயரத்துக்கு சிஸ்டர் பென்சில் கோடு போடுவார். நிலை முழுக்கக் கோடுகள்தான்.

பதினான்காம் வாரம் தங்கை மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். மேலே அந்தக் கோட்டு இல்லை. எந்தப் பக்கம் பிறந்தது, எந்தப் பக்கம் வந்தது என்று கூடப்பிறந்த எனக்கே தெரியவில்லை. நிலையருகே நின்று இரண்டு கையையும் உயர்த்தினாள். விரல்கள் தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி, எல்லாக் கோட்டையும் தாண்டி மேலே போயின. முகத்தில் வலி இருக்கிறதா என்று சிஸ்டர் கூர்ந்து பார்த்தார். இல்லை.

"இனி கடையத் திறக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு சிஸ்டர். நாளைக்கு மொத ஆளு யாருன்னுதான் தெரியல" என்றாள் தங்கை.

சிஸ்டர் பென்சிலை மேஜைமேல் வைத்தார். போய்க் கதவைத் தாழிட்டார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அலமாரியிலிருந்து ஒரு பச்சைத் துணியை எடுத்து உதறித் தன் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, சுழல் ஸ்டூலில் தங்கைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார்.