மதினிக்கு ஹார்ட் அட்டாக் வந்த கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த கையோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மகள் ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். கேசரி கிண்டும் பொறுப்பு அத்தைக்காரி எனக்கு.

அதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்றும் இருந்தது. யார் எப்படிக் கேட்டாலும், ஸ்டெல்லாவின் அம்மா ஹார்ட் அட்டாக்கில்தான் இறந்தார் என்று சொல்ல வேண்டும். அண்ணன் என்னை வாசலிலேயே நிறுத்தி, ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொன்னார். ஞானோபதேச வகுப்புக்குப் பிறகு நான் யாரிடமும் இப்படி ஒப்பித்ததில்லை.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் மதினி ஜெயமேரிக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். கட்டி இருப்பது தெரிந்தும் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்லவில்லை. அண்ணன் நத்தத்தில் மாந்தோப்புக் குத்தகை எடுக்கிறவர். 'காய் சீசன் முடியட்டும், டாக்டரிடம் போகலாம்' என்று மதினி தள்ளிப்போட்டார். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனபோது முற்றிவிட்டது. ஆபரேஷன், கீமோ எல்லாம் செய்தும் பலனில்லை. போன வருடம் வீட்டிலேயே உயிர் பிரிந்தது.

அடக்கத்துக்கு நேரம் குறிப்பதற்கு முன்பே சொந்தக்காரர்கள் ஒரு கமிட்டியாகக் கூடிவிட்டார்கள். இறப்பைப் பதிய ஒரு காரணம் சொல்ல வேண்டும். தெருமுனை ஃப்ளெக்ஸிலும் போட வேண்டும். உள்ளதையே சொல்லலாமே என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும்போது பேசுகிற பேச்சா இது?

மஞ்சள் காமாலை என்றார் ஒரு சித்தப்பா. குடிப்பழக்கம் என்று நினைப்பார்கள் — தள்ளுபடி. சர்க்கரை? மகளுக்கும் வரும் என்பார்கள் — தள்ளுபடி. கல்யாணப் பந்திக்கு ஐட்டம் முடிவு செய்வதுபோல் அலசி, கடைசியில் ஹார்ட் அட்டாக் ஏகமனதாக நிறைவேறியது. கௌரவமான வியாதி. அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நம்பினோம்.

எங்கள் தெருவுக்கு இது புதிதும் இல்லை. முனையில் கட்டுகிற ஃப்ளெக்ஸை நம்பினால் இங்கே இறந்தவர்களில் பாதிப் பேருக்கு மாரடைப்பு. கீமோவில் முடி கொட்டி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு நடமாடியவர்களுக்கும் அதேதான். அதைப் பார்த்துப் பதறிப்போய் ஒரு சங்கத்துக்காரர்கள் எங்கள் தெருவிலேயே இலவச இருதய முகாம் நடத்தினார்கள். வரிசையில் நின்று ஈசிஜி எடுத்துக்கொண்டோம். எல்லோருக்கும் ஹார்ட் பிரமாதம். வந்த டாக்டருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

ஸ்டெல்லாவுக்கு வேறு கவலை. அம்மாவுக்கு வந்தது தனக்கும் வருமோ என்று பயந்து, டாக்டரிடம் ஒரு தடவை காட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்கிறாள். கல்யாணம் முடியட்டும் என்கிறார் அண்ணன். ஸ்கேன் சென்டர் வாசலில் யாராவது பார்த்துவிட்டால்? அன்று காய் சீசன் முடியட்டும், இன்று கல்யாணம் முடியட்டும்...

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன், அப்பா, அம்மா. அம்மா ரீட்டா, ஓய்வுபெற்ற டீச்சர். நான் கேசரித் தட்டை நீட்டும் நேரம் பார்த்து வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. தோளில் பையோடு ஒரு பெண் இறங்கினாள். அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாக விவரம் சொன்னாள்.

புற்றுநோய்ப் பதிவேட்டுக்காக வருகிறாளாம். ஆஸ்பத்திரிக் கணக்கில் ஜெயமேரி, புற்றுநோய் நோயாளி. இறப்புப் பதிவில் அதே ஜெயமேரி, அதே முகவரி, ஆனால் மாரடைப்பு. எது சரி என்று கேட்டுவிட்டு, அப்படியே அடுத்த வீட்டு விசாரணைக்குத் தாடிக்கொம்பு போக வேண்டுமாம்.

அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. அவளை வாசலில் நிறுத்திப் பேசவும் பயம், திருப்பி அனுப்பவும் பயம். 'நம்ம சொந்தக்காரப் பொண்ணு' என்று சொல்லி உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டார். கையில் ஒரு தட்டு கேசரியும் கொடுத்தார். வெயிலில் அலைந்து வந்தவள் மறுபேச்சு இல்லாமல் சாப்பிட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். பெண்ணின் அம்மாவுக்கு ஹார்ட் என்றார்கள், அது பரம்பரையாக வருமாமே, பெண்ணுக்கும் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டார்.

கமிட்டி இதை யோசிக்கவே இல்லை!

மதினியை யாராவது ஒரு குறை சொன்னால் அண்ணனுக்குப் பொறுக்காது. மதினி போய்ச் சேர்ந்த பிறகும் பொறுக்காது. “என்ன சம்பந்தி இப்புடிச் சொல்லிட்டீங்க? அவ ஹார்ட்டு அம்புட்டு ஸ்ட்ராங்கு. ஆபரேசனுக்கு முன்னாடி டாக்டரே சொன்னாரு, இந்த ஹார்ட்டுக்கு நூறு வயசுன்னு.”

“என்ன ஆபரேசன்?” என்றார் ரீட்டா டீச்சர்.

நான் கேசரியில் முந்திரி தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். ஸ்டெல்லாதான் நிலைவாசலில் நின்று பேசினாள்.

“அம்மாவுக்கு மார்புல கேன்சர். ஹார்ட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நானும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிக்கணும். அது முடியாம கல்யாணம் பேச எனக்கு இஷ்டமில்ல.” பிறகு அந்தச் 'சொந்தக்காரப் பெண்' பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்க எழுதிக்கங்க.”

அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தாள். மாப்பிள்ளையின் அப்பா செருப்பு எங்கே கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தார். டீச்சர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

“எங்க அக்காவுக்கும் ஹார்ட் அட்டாக்குன்னுதான் எழுதுனோம். கர்ப்பப்பையில கேன்சர். இப்பச் சொன்னா மாத்திக்குவீங்களாம்மா?”

அவர் கணவர் வாயைப் பிளந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்கே அப்போதுதான் தெரிகிறது.

இறந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இனி எழுதி என்ன ஆகப்போகிறது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எந்த ஊரில் எந்தப் புற்றுநோய் அதிகம் என்பது தெரிந்தால்தானே பரிசோதனை, முகாம், மருந்து எல்லாம் அங்கே அனுப்ப முடியும் என்றாள். சரிதானே? நாம் பொய்யை எழுதிக் கொடுத்தால் அந்தப் பொய்க்குத்தான் வைத்தியம் வரும். எங்கள் தெருவுக்கு ஈசிஜி மெஷின் வந்தது போல.

அந்த வாரமே வியாழக்கிழமை ஸ்டெல்லாவும் டீச்சரும் சேர்ந்தே பரிசோதனைக்குப் போனார்கள். டீச்சர் என்னையும் விடாமல் கூட்டிப்போய்ப் பார்க்க வைத்தார். ஸ்டெல்லாவுக்கு ஒன்றும் இல்லை, வருடம் ஒரு தடவை வந்தால் போதும் என்றார் டாக்டர். வெளியே காத்திருந்த அண்ணன் அதைக் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். அவளைப் போன வருடமே கூட்டி வந்திருக்கலாம் என்றார். மதினியை அதற்கும் முன்னாலேயே கூட்டிப் போயிருக்கலாம் என்றார்.

டீச்சருக்கு மட்டும் இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டுமாம். ஸ்டெல்லாதான் கூடப் போகிறாள். கல்யாணப் பேச்சை இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஆனால் இவர்களைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அந்தப் பையன்தான். பெண் பார்க்க வந்த அன்று வாயே திறக்காதவன், இப்போது காரில் ஓயாமல் பேசுகிறானாம்.

வருகிற வாரம் மதினியின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. நேற்று ஃப்ளெக்ஸ் கடைக்கு அண்ணனோடு போனேன். 'மார்பகப் புற்றுநோயால் இறைவனடி சேர்ந்த' என்று அண்ணன் எழுதிக் கொடுத்த வரியைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் தயங்கினார். இப்படி ஒன்று இதுவரை அடித்ததில்லையாம். அந்த வார்த்தையை மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தில் வைக்கட்டுமா என்று கேட்டார்.

அண்ணன் சொன்னார்: “போன வருசம் ஹார்ட் அட்டாக்க எம்புட்டுப் பெருசாப் போட்டியோ, அம்புட்டுப் பெருசாவே போடு அப்பு.”