வெள்ளாற்றில் நான் கவிழ்த்த வாளி

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, படுக்கையும் அடுப்பும் வைத்த வேனிலேயே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டைப் பக்கம், வறண்டு கிடந்த வெள்ளாற்றங்கரையில் ஒரு ராத்திரி தங்கினேன். காலையில் பாத்திரம் கழுவிய சோப்புத்தண்ணீரை எங்கே கொட்டுவது என்று பார்த்தபோது, ஆற்று மணலில் யாரோ தோண்டிய பள்ளம் தெரிந்தது. வசதியாகப் போயிற்று என்று வாளியைக் கவிழ்த்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் குடத்தோடு வந்து அந்தப் பள்ளத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் புரிந்தது, அது குடிதண்ணீர் ஊற்று.

“ஏன்டி, நுரையா கெடக்கு! இங்கிட்டு வச்சா துணி தொவச்ச?”

“நான் இல்லத்தே.”

“பின்ன, மணலு தானா சோப்புப் போட்டுக்கிச்சாக்கும்?”

பக்கத்திலேயே நான் காபியைக் கலந்துகொண்டே இருந்தேன்.

மாமியார் வெறுங்குடத்தோடு திட்டிக்கொண்டே போனார். மருமகள் வேறு ஊற்றுத் தோண்ட ஆரம்பித்தாள். மனசு கேட்காமல் போய், “ஸாரிங்க, அது நான்தான்” என்றேன்.

அவள் மணல் அள்ளுவதை நிறுத்தவில்லை. “எங்கத்தை நிக்கையில சொல்லியிருக்கலாம்லண்ணே? நான் செய்யலேன்னு எனக்குத்தான் தெரியுமே.”

“வீடு எங்கங்க? அவங்ககிட்டயே சொல்லிடறேன்.”

கையை நீட்டினாள். கரை ஏறியதும் முதல் வீடு. வேனைக் கிளப்பியவன், அந்த வாசலில் வேகத்தைக்கூடக் குறைக்காமல் கடந்து வந்துவிட்டேன்.

வேன் வாழ்க்கை சுதந்திரம் என்று எல்லோரிடமும் பேசியவன் நான். செய்ததை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்பதைத்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேனோ என்று கூச்சமாக இருக்கிறது.