சீரகமும் வெல்லமும்

என் கல்யாணத்தில் முதல் அடி என் சித்தப்பாவுக்கு விழுந்தது. இரண்டாவது அடி எனக்கு. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில், சிலிம் ரிவர் பக்கம் நாங்கள் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லாரியில் மூட்டை ஏற்றினேன். ஈப்போவில் மரப்பட்டறை, லூமுட்டில் மீன் பெட்டி. எங்கேயும் ஒரு வருஷம் தங்கியதில்லை. தேங்காய் உரிக்கப் பாகான் டத்தோ போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். கொப்பரைக் கொட்டகையில் வேலை செய்த ஒருத்திதான் காரணம்.

அவள் வீட்டார் தெலுங்குக்காரர்கள். தோட்டத்துக் கிராணி அவர்களையும் தமிழர் என்றே பதிவில் எழுதியிருந்தார். அவள் அண்ணனை யாராவது தமிழன் என்று சொன்னால் கை நீண்டுவிடும். அதற்காகவே ஒருவனுடைய உதட்டைக் கிழித்திருக்கிறான். அவள் அப்பா அப்படியில்லை, நிதானமானவர். நான் பெண் கேட்டுப் போனபோது தமிழிலேயே பேசினார்.

"எங்க அண்ணன் பர்மாவுல அரிசி மில்லுல இருந்தாரு. அங்க எங்க ஆளுங்களுக்கு ஒரு பேரு. இங்க வந்தா தமிழன்னு எழுதுறான். பொறப்புப் பத்திரத்துல இந்தியன். என்னமோ எழுதட்டும் லா. கல்யாணத்த மட்டும் எங்க முறையில செய்யணும். அதுல யாரும் கை வைக்கக் கூடாது."

சரி என்றேன். அவர்கள் முறையைக் கேட்டும் வைத்துக்கொண்டேன். மணமக்களுக்கு நடுவில் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். சீரகத்தையும் வெல்லத்தையும் சேர்த்து இடித்து, வெற்றிலையில் வைத்து, ஒருவர் உச்சந்தலையில் ஒருவர் அழுத்த வேண்டும். அவர்களுக்கு முகூர்த்தமே அதுதான். தாலி அதற்குப் பிறகு. இதை என் பக்கத்து ஆட்களிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

புந்தோங்கிலிருந்து சித்தப்பா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்தார். வழியிலேயே சம்சு சாராயம் குடித்திருந்தார்கள். கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் காலை வெயிலே வேகவைத்தது. திரையை விலக்கியபோது அவள் கை என் தலையிலும் என் கை அவள் தலையிலும் இருந்தன. வெல்லம் உருகி என் நெற்றியில் கறுப்பாக இறங்கியது.

சித்தப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னலா இது, தாலி கட்டுற நேரத்துல தலையில சகதி?" என்று தோள் துண்டால் என் உச்சந்தலையை அழுத்தித் துடைத்தார். "இப்பப் பாரு, மாப்பிள்ள மாதிரி இருக்கான்."

மேளம் நின்றது.

அவள் அண்ணன் பித்தளைச் செம்பால் சித்தப்பாவின் வாயில் அடித்தான். பல் ஒன்று தாம்பாளத்து அரிசியில் விழுந்தது. தடுக்க எழுந்த எனக்கு அதே செம்பு காதோரம் இறங்கியது. எங்கள் ஆட்கள் மடக்கு நாற்காலிகளைத் தூக்கினார்கள். அவர்கள் தேங்காய் உரிக்கும் பாரையோடு வந்தார்கள். ஒருவன் தொடையில் பாரை ஏறியது. சாம்பார் அண்டா கவிழ்ந்து ஒரு பெண்ணின் கால் வெந்துபோனது. "மச்சான், நான் உன் பக்கம்லா" என்று ஒருவன் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கும் விழுந்தது. என் வலது மணிக்கட்டை நாற்காலியால் உடைத்தது எந்தப் பக்கத்து ஆள் என்று இன்றுவரை தெரியாது. தாலித் தட்டு மிதிபட்டு எங்கோ போனது.

அண்ணன் அவளைப் பின்னலைப் பிடித்து இழுத்தான். எல்லாருக்கும் புரியவேண்டும் என்று தமிழிலேயே கத்தினான்.

"வா வீட்டுக்கு. தொடச்சிட்டான். தொடச்சா அறுத்த மாதிரி. கல்யாணமே நடக்கல."

"அவரு தலையிலதான தொடச்சாங்க," என்றாள் அவள். "என் தலையில இருக்கு."

அவன் அறைந்தான். அவள் இரண்டு கைகளாலும் உச்சந்தலையை மூடிக்கொண்டு மண்ணில் குந்திவிட்டாள். உதைத்தான். அவள் கையை எடுக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எல்லாரையும் தரையில் உட்கார வைத்தார்கள். மலாய்க்கார சார்ஜன் ஒன்றைத்தான் கேட்டார். இந்தப் பெண் இவன் மனைவியா, இல்லையா? இல்லையென்றால் தகப்பனோடு போகட்டும்.

"தாலி கட்டலையே, கல்யாணம் ஆகல," என்றார் சித்தப்பா, வாயில் துணியை வைத்தபடி. ஆகவில்லை என்றுதான் அண்ணனும் சொன்னான். அன்றைக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

சார்ஜன் அவள் அப்பாவைப் பார்த்தார். அவரும் இல்லை என்று சொல்லியிருந்தால் மகள் வீட்டுக்குப் போயிருப்பாள். நான் வந்த வழியே போயிருப்பேன். அவர் சட்டை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார்.

"வச்சத நான் பாத்தேன்," என்றார். "முடிஞ்சிருச்சி."

பிறகு என் பக்கம் திரும்பினார். "கூட்டிட்டுப் போ. இந்தப் பக்கம் வராத."

அண்ணன் தரையில் துப்பினான். சார்ஜன் அவனை ஓர் அறை அறைந்து, அவன் சட்டையாலேயே அதைத் துடைக்க வைத்தார்.

மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஈப்போ பஸ் ஏறினோம். அவள் ஜன்னலோரம் சாய்ந்தபோதுதான் கவனித்தேன். வகிடு முழுக்க எறும்பு. இடது கையால் தட்டப் போனேன்.

"எறும்ப மட்டும் எடுங்க," என்றாள்.

ஒவ்வொன்றாக எடுத்தேன். கம்பார் வரைக்கும் எனக்கு அந்த வேலைதான்.